பிடித்த படம் ஏன் நிலைப்பதில்லை?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் டி.வி. மெக்கானிக் கடைகளில் இப்போது கேட்கிற பேச்சு இப்படி இருக்கும். “பாய், பாக்ஸுல ரெக்கார்டு பண்ணி வெச்ச படமெல்லாம் பென் டிரைவுல அப்படியே இருக்கு, ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குது. புது பாக்ஸு மாத்தினதுலேர்ந்து இப்படித்தான்.” கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, “ஃபைல் நல்லாத்தான் இருக்குண்ணே, லாக் ஆயிருக்கு” என்பார். வந்தவருக்கு நம்பிக்கை வராது. பென் டிரைவ் டூப்ளிகேட்டோ, கடைக்காரருக்கு வேலை தெரியவில்லையோ என்று யோசித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார், புதிதாக ஒரு பென் டிரைவ் வாங்குவார். அதிலும் அந்தப் படங்கள் ஓடாது.

டி.வி.யில் வரும் படத்தை வீட்டில் பதிவு செய்யும் பழக்கத்துக்கு நம் ஊர்களில் நாற்பது வயதாகிறது. கருவிகள் பலமுறை மாறிவிட்டன. புகார் மட்டும் மாறவில்லை. ‘ரெக்கார்டு ஆகலை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. படம் ஒழுங்காகப் பிடிபடாமல் போவது ஒன்று. பிடிபட்டது வைத்த இடத்தில் கெட்டுப்போவது இன்னொன்று. பிடிபட்டு, கெடாமலும் இருந்து, திறக்க வழியில்லாமல் போவது மூன்றாவது. எது எதுவென்று பிரித்துப் பார்க்காமல் கருவி வாங்குகிறவர், கோளாறு ஓர் இடத்தில் இருக்க வேறோர் இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்.

பழைய வீடியோ டெக்கிலிருந்தே தொடங்கலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. அதற்குப் பின்னால் வந்த ஆண்டுகளில்தான் டெக்கும் பரவியது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் பெட்டிகளில் சில வந்தன. வாங்க முடியாதவர்கள் டெக்கையும் டி.வி.யையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நாலு படம் பார்த்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுத்தார்கள். வாடகைக்கு வந்தவற்றில் பல, கேசட்டை ஓட்டிக் காட்ட மட்டுமே தெரிந்த வி.சி.பி. பதிவு செய்ய வேண்டுமானால் டியூனரும் கடிகாரமும் உள்ள வி.சி.ஆர். வேண்டும். இரண்டையுமே ‘டெக்’ என்று அழைத்ததால், தங்கள் வீட்டு டெக் ஏன் பதிவு செய்யவில்லை என்று கடைசிவரை புரியாமலே இருந்தவர்களும் உண்டு.

நம்மிடம் வந்தது ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வெளியிட்ட வி.எச்.எஸ். முறை. கேசட்டுக்குள் அரை அங்குல அகலத்தில் நாடா. அட்டையில் ஈ-180 என்று போட்டிருந்தால் 180 நிமிடம் ஓடும், நாடாவின் நீளம் சுமார் 250 மீட்டர். அது நகரும் வேகம் நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான். ஒரு படத்தின் விவரங்கள் அத்தனையையும் இவ்வளவு மெதுவாக ஊரும் நாடாவில் நேர்கோட்டில் எழுத முடியாது. அதனால் நாடாவைச் சற்றே சாய்ந்த ஓர் உருளையின் மேல் சுற்றவைத்து, அந்த உருளையை நிமிடத்துக்கு 1500 முறை சுழலவிட்டார்கள். உருளையில் பதித்த நுண்ணிய ஹெட்கள் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாக எழுதிக்கொண்டே போகும். ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, தலைமுடியைவிடச் சன்னம். திரும்ப ஓட்டும்போது ஹெட் அதே கோட்டின் மேல் பிசகாமல் போக வேண்டும்.

நாடாவை நகர்த்தும் வேலையைச் செய்தவை ரப்பர் பெல்ட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரமும். ரப்பர் உருளை இறுகிப்போனால் நாடா நழுவும், சிக்கும். “டெக்கு கேசட்டைத் தின்னுடுச்சு” என்பார்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் சில ரூபாய் பெறுமான ரப்பர்தான். ஹெட்டில் தூசி அடைத்தால் திரை முழுக்கப் புள்ளி. நாடாவின் கீழ் விளிம்பில், எந்த இடத்தில் எந்தக் கோடு தொடங்குகிறது என்று ஹெட்டுக்குச் சொல்லும் ஒரு தனித் தடம் இருக்கும். அந்த விளிம்பு மடங்கினாலே போதும், படம் கிழிந்து ஆடும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனித்ததில்லை. நாடாவை வழிநடத்தும் சிறு தூண்கள் இம்மியளவு தவறி நிற்கும் டெக், கோடுகளையும் அதே அளவு தவறாகவே எழுதும். தானே எழுதியதைத் தானே படிப்பதால் அந்த வீட்டில் படம் அருமையாக ஓடும், பக்கத்து வீட்டில் ஓடாது. பிறகு ஒருநாள் டெக் பழுதாகி, மெக்கானிக் தூண்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அன்றிலிருந்து அந்த வீட்டின் சொந்தக் கேசட்டுகளே ஓடாது! மெக்கானிக் கெடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவார்கள். அவரோ சரிசெய்துதான் கொடுத்திருப்பார். இன்றைக்கு பாக்ஸின் லாக்கைப் பற்றிப் புலம்புகிறோம். ஒரு பெட்டி எழுதியதை அந்தப் பெட்டிதான் படிக்கும் என்ற நிலை டெக் காலத்திலேயே இருந்தது. அப்போது அது விபத்தாக நடந்தது, இப்போது திட்டமிட்டு நடக்கிறது.

சன் டி.வி. 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கி, கேபிள் வழியாகப் பல சேனல்கள் வந்தபின் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. தமிழ்ப் படமே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, அதில் விளம்பரமும் கலந்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஈ-180 கேசட் கிளைமாக்ஸுக்கு முன்னால் தீர்ந்துவிடும். ஈ-240 வாங்கினால் நான்கு மணி நேரம் கிடைக்கும். ஆனால் அதே கூட்டுக்குள் அதிக நீளத்தை அடக்க நாடாவை மெலிதாக்கியிருப்பார்கள், அது சீக்கிரம் சுருங்கும், மடங்கும். விளம்பரம் வரும்போதெல்லாம் பாஸ் பட்டனை அழுத்தி நாடாவை மிச்சம் பிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அதற்கு ஒருவர் டெக்குக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார முடிந்தால் படத்தையே பார்த்துவிடலாமே.

ஆளில்லாமல் பதிவு செய்வதற்காக வைத்த டைமர்தான் நம் ஊரில் அதிகம் ஏமாற்றிய பகுதி. டெக்கின் கடிகாரம் கரண்ட்டை நம்பியிருந்தது. கரண்ட் போய் வந்தால் பல டெக்குகள் 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும், சொல்லிவைத்த வேலை அத்தனையும் மறந்திருக்கும். கொஞ்ச நேரம் நினைவு வைத்திருக்கும் அமைப்பு சிலவற்றில் உண்டு, அதுவும் நீண்ட மின்வெட்டைத் தாங்காது. இன்னொரு பக்கம், அறிவித்த நேரத்துக்குப் படம் தொடங்காது. ஜெர்மனியில் 1985-லேயே இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும் கணத்தில் நிலையமே ஒளிபரப்புக்குள் ஒரு குறியை அனுப்பும். டெக் கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தக் குறிக்குக் காத்திருந்து பதிவைத் தொடங்கும். நம் வீட்டு டெக்குகள் கடைசிவரை கடிகாரத்தையே நம்பிக் கிடந்தன.

கரண்ட் தொல்லை டெக்கோடு போய்விடவில்லை. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களை இந்தப் பகுதி மறந்திருக்காது. இன்று மின்வெட்டு குறைந்திருக்கிறது, ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் செட்டாப் பாக்ஸ் முதலிலிருந்து எழும். எழுந்தபின் விட்ட இடத்திலிருந்து பதிவைத் தொடராத பாக்ஸ்கள்தான் அதிகம். அதோடு, எழுதிக்கொண்டிருந்த ஃபைல் முறையாக மூடப்படாமல் அறுந்துவிடும். சில சமயம் டிரைவின் மொத்த அட்டவணையே குழம்பி, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ‘சரி’ கொடுக்கக் கூடாது. பெரும்பாலும் படங்கள் உள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டரில் பழுதுபார்க்கும் வசதியை ஓட்டினால் திரும்பக் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பாக்ஸ் அணைந்து எழுகிறது என்றால், இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைத்தால் பேட்டரிக்கு மாறும் இடைவெளி மிகக் குறைவு, பெரும்பாலான பாக்ஸ்கள் அதை உணரவே உணராது.

இனி வெப்பம். கோடையில் தமிழகத்தின் வெயில் பட்டியலில் வேலூர் மேலே நிற்பது புதிய செய்தியில்லை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கருவிகளுக்குள் இந்த வெயிலுக்கு முதலில் பலியாவது மெக்கானிக்குகள் ‘கண்டென்சர்’ என்கிற உருளை வடிவ உறுப்பு. அதனுள்ளே திரவம் உண்டு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஸ்டெபிலைசரின் மேல் பாக்ஸ், பாக்ஸின் மேல் துணி, துணியின் மேல் பூச்சாடி என்று அடுக்கி வைத்தால் அந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடும். கண்டென்சர் தலை வீங்கிய பாக்ஸ் உடனே சாகாது. முதலில் காரணமில்லாமல் அணைந்து எழும், பிறகு பதிவின் நடுவே உறையும். நாம் பென் டிரைவைத் திட்டிக்கொண்டிருப்போம். மலிவான அந்த உறுப்பை மாற்றினாலே சரியாகிவிடும் பாக்ஸ்கள் எத்தனையோ குப்பைக்குப் போகின்றன.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது மற்ற ஊர்ப் பத்திரிகைகள் எழுதாத, நம் பகுதிக்கே உரிய சங்கதி. தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) முடி நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர், பிந்தைய கட்டங்களிலிருந்து வரும் அமிலக் கழிவோடு கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறும். அழுகிய முட்டை வாடை என்று நாம் அறிந்திருப்பது அதுதான். அது வெள்ளியைக் கறுக்கவைக்கும், செம்பை அரிக்கும். கொலுசும் குத்துவிளக்கும் படும் பாட்டை மின்னணுக் கருவிகளின் உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சு முனைகளும் செம்புத் தடங்களும் படுகின்றன. 2006-இல் ஐரோப்பா மின்னணுப் பலகைகளில் ஈயத்தைத் தடை செய்தபின், சில தயாரிப்பாளர்கள் ஈயப் பற்றுக்குப் பதில் மெல்லிய வெள்ளிப் பூச்சுக்கு மாறினார்கள். கந்தகக் காற்று உள்ள இடங்களில் அந்தப் பலகைகள் சீக்கிரம் பழுதாவதை உலகமெங்கும் பிறகுதான் கண்டார்கள். பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் காற்றைச் சோதிக்க இன்றும் ஒரு செம்புத் துண்டையும் ஒரு வெள்ளித் துண்டையும் தொங்கவிட்டு, ஒரு மாதத்தில் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்கிறார்கள். செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் காற்று பத்திரமானது என்று கணக்கு.

பழைய சி.டி.க்களில் இது நேரடியாகவே விளையாடும். வீட்டில் எழுதும் சி.டி.யின் பளபளப்பு பெரும்பாலும் வெள்ளிப் படலம். அதற்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே, லேபிள் பக்கத்தில், ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே உண்டு. கீழ்ப்பக்கக் கீறலுக்குப் பயந்து சி.டி.யைக் கவிழ்த்து வைக்காதவர்கள், மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் படத்தின் பெயரை அழுத்தி எழுதுவார்கள். அந்த எழுத்தின் வழியாகத்தான் காற்றும் ஈரமும் உள்ளே போகும். டி.வி.டி.யில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருப்பதால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் அதில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம், அதற்கு வெயிலே ஆகாது.

எல்லாப் பழியையும் தோல் ஷாப்பின் மேல் போட்டுவிடுவதும் நம் ஊரில் எளிது. தோல் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்ததைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே எழுதிய தீர்ப்பு இருக்கும்போது, பாக்ஸ் பழுதுக்கும் அதே காரணம் சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய தெருக்களைத் தாண்டிவிட்டால், கருவிகளைக் கெடுப்பதில் கரண்ட்டும் வெப்பமும்தான் முன்னே நிற்கின்றன. கால்வாய் ஓரத்தில் வீடு இருந்தால் டிஸ்க்குகளையும் டிரைவையும் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். மற்றவர்கள் முதலில் பாக்ஸின் மேலிருக்கும் துணியை எடுக்கட்டும்.

இப்போது அந்த லாக். 2006-இல் டாடா ஸ்கை, 2007-இல் சன் டைரக்ட் என்று டி.டி.எச். வந்தது. 2008-இல் டாடா ஸ்கை பிளஸ் என்ற பெயரில் உள்ளேயே ஹார்டு டிஸ்க் வைத்த பாக்ஸ் வந்தது. பிறகு விலை குறைந்த பாக்ஸ்களிலும் பென் டிரைவ் செருகும் வசதி வந்தது. கேபிளும் டிஜிட்டலுக்கு மாறி, 2017-லிருந்து அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸும் வீடுகளுக்கு வந்தது. டெக்கோடு ஒப்பிட்டால் இந்தப் பதிவில் தரக்குறைவு என்ற பேச்சே இல்லை. சேனலிலிருந்து வரும் டிஜிட்டல் எண்களை பாக்ஸ் அப்படியே எடுத்து வைக்கிறது, திரையில் பார்த்ததும் பதிவில் இருப்பதும் ஒன்றுதான். ஆனால் எடுத்து வைக்கும்போதே அவற்றை ஒரு சாவியால் பூட்டிவிடுகிறது. அந்தச் சாவி அந்த பாக்ஸுக்குள்ளோ அதிலுள்ள கார்டிலோ மட்டும் இருக்கும். பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஃபைல் தெரியும், அளவு தெரியும், ஓடாது. அதே நிறுவனத்தின், அதே மாடலில் இன்னொரு பாக்ஸில் போட்டாலும் ஓடாது. பல நிறுவனங்களில் சந்தா நின்றால் பழைய பதிவுகளும் திறக்காது. பாக்ஸ் செத்துப்போய் நிறுவனம் இலவசமாகவே புதியது கொடுத்தாலும், பழைய சாவி பழைய பாக்ஸோடு போய்விடுகிறது. மெக்கானிக் சொன்னது உண்மை. பென் டிரைவில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே பாக்ஸில் பதிவு செய்வதை, இன்று பார்க்க முடியாததை இந்த வாரத்துக்குள் பார்த்துவிட்டு அழிப்பதற்கான வசதி என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவதைப் போன்றது அது. கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் அந்தக் காலத்துக்குள் அடுத்த வேலையை முடித்துவிட வேண்டும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு வேறு வழி உண்டு. பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் அல்லது அவற்றுக்கான ஒரே துளை இருக்கும். அதில் வரும் படம் பழைய தரத்தில்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பூட்டில்லாமல் வரும். அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் சிறிய கேப்சர் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. எச்.டி.எம்.ஐ. துளையில் வருவது தெளிவான படம், அதற்கும் பூட்டு உண்டு. தரம் வேண்டுமா, திறந்த பதிவு வேண்டுமா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய இடம் இது. திறந்த பதிவே மேல் என்பது என் எண்ணம். மங்கலான படத்தை இருபது ஆண்டு கழித்தும் பார்க்கலாம்.

பென் டிரைவுக்கு உண்மையிலேயே வரும் குறைகளும் உண்டு. மலிவு விலையில் ‘64 ஜிபி’ என்று விற்பவற்றில் சில, உள்ளே எட்டு ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு 64 என்று பொய் சொல்லும். நிரம்பியதும் முதலில் எழுதியதன் மேலேயே எழுதும். ஆரம்பத்தில் நன்றாக ஓடிப் பிறகு மொத்தமும் குப்பையானால் இதைச் சந்தேகிக்கலாம். வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பி, எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவதே சோதனை. இன்னொன்று அளவுக் கணக்கு. சாதாரணத் தரத்தில் நொடிக்கு இரண்டு மெகாபிட் என்று வைத்தால் மூன்று மணி நேரப் படத்துக்கு 2.7 ஜிபி ஆகும். எச்.டி.யில் ஆறு மெகாபிட் என்றால் எட்டு ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால்தான் ஒரே படம் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கிறது. துண்டு என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டு, பாதிப் படம் காணவில்லை என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாள்பட வைப்பதற்குப் பென் டிரைவை நம்ப வேண்டாம். அதனுள்ளே தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, வெப்பத்தில் அது மெல்லக் கசியும். ஹார்டு டிஸ்க் பரவாயில்லை. கூகுள் நிறுவனத்தார் தங்களிடமிருந்த ஏராளமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பத்துக்கும் டிஸ்க் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பில்லை என்று காட்டியது. மிக அதிக வெப்பமும் டிஸ்க்கின் வயதும் சேரும்போதுதான் அது தெரிந்தது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், ஓராண்டில் நூறு டிஸ்க்கில் ஒன்று அல்லது இரண்டு போகிறது. குளிரூட்டிய கூடத்தில், ஆட்டமில்லாமல், சீரான கரண்ட்டில் ஓடுபவற்றின் கணக்கு அது. டி.வி. மேஜையிலிருந்து குழந்தை இழுத்துத் தள்ளும் டிஸ்க்குக்கு அது பொருந்தாது. இரண்டு டிஸ்க்கில் நகல் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்ற கேள்வியும் வரும். சரிதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனங்களுக்குத் தங்கள் ஒளிபரப்பின் மேல் 25 ஆண்டு உரிமை தருகிறது. 39-ஆம் பிரிவு, பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் பதிவு அந்த உரிமையை மீறாது என்கிறது. ஆனால் ஒளிபரப்பின் உரிமை வேறு, படத்தின் உரிமை வேறு. சொந்த உபயோகத்துக்கான 52-ஆம் பிரிவின் சலுகை இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்பு என்றுதான் முன்பு இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகே திரைப்படமும் அதற்குள் வந்தது. அமெரிக்காவில் இதே கேள்வி, பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ பதிவுக் கருவியை முன்வைத்து வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய், 1984 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வீட்டுப் பதிவுக்குச் சாதகமாக முடிந்தது. நம் சலுகையின் எல்லை வீட்டு வாசல்தான். அந்தப் பதிவை நகலெடுத்து விற்பதும், பேருந்திலோ ஊர்க் கேபிளிலோ ஓட்டுவதும் குற்றம். தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு வீடியோ தொழிலைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எதைப் பதிவு செய்வது? படத்துக்காக என்றால் பெரும்பாலும் தேவையில்லை. அந்தப் படம் அடுத்த பொங்கலுக்கும் வரும், இணையத்திலும் இருக்கும். திரும்பக் கிடைக்காதவை வேறு. படத்துக்கு நடுவே வந்த உள்ளூர் விளம்பரம், ஊர்க் கேபிள் சேனலில் ஓடிய கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, யாரும் மறு ஒளிபரப்பு செய்யாத ஒரு பேட்டி. நிலையங்கள் இவற்றைக் காப்பாற்றி வைக்கும் என்று நம்புவதற்கில்லை. பி.பி.சி.யே தன் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய பகுதிகளை அழித்து, அவற்றில் ஏறத்தாழ நூறு பகுதிகள் இன்னும் கிடைக்கவில்லை. அவற்றின் ஒலியாவது மிஞ்சியிருப்பது, அந்த நாளில் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்த நேயர்களால். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 1970-களின் இறுதியிலிருந்து 2012-இல் இறக்கும் வரை இரவும் பகலும் டி.வி. செய்திகளைக் கேசட்டில் பிடித்துக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ 70,000 கேசட். அவை இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போயின. அத்தனை ஆண்டும் அவர் வைத்திருந்தது நம்முடையவற்றைப் போன்ற வீட்டு டெக்குகள்தான்.

நம் பரண்களிலும் கேசட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் கல்யாணக் கேசட்டுகளோடு கலந்து. இவற்றுக்கு அவகாசம் அதிகமில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-இல், காந்த நாடாவில் உள்ளவற்றை 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதியை இழப்போம் என்று ஆண்டு குறித்தே எச்சரித்தது. நாடா கெடுவது ஒரு காரணம். ஓட்ட டெக் இல்லாமல் போவது பெரிய காரணம். கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது ஓடும் டெக்குகளில் பல, செத்துப்போன வேறு டெக்குகளின் உறுப்புகளால்தான் ஓடுகின்றன.

பரணிலிருந்து எடுத்த கேசட்டை உடனே டெக்கில் தள்ளாதீர்கள். முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் ஹெட் அடைக்கும், அந்த டெக்கில் அடுத்து போடும் கேசட்டுகளுக்கும் ஒட்டும். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் நனைந்த கேசட் யாரிடமாவது இருந்தால், அதை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருக்கும் கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பட்டன் அழுந்தினாலும் அழியாது. ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, அதன் பிறகு மாற்றுங்கள். ‘கேசட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றித் தரப்படும்’ என்று போர்டு வைத்திருக்கும் ஸ்டுடியோவில் கொடுப்பதானால், முதலில் முக்கியமில்லாத ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவரிடம் டெக் எப்படி இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். வாங்கி வந்த ஃபைலை வீட்டில் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் அசல் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பார்த்த பிறகும் போட வேண்டாம், இதைவிட நல்ல டெக் ஒன்று எங்காவது கிடைக்கலாம்.